நீலப் பற்றரியின் ஒன்பது நிமிடம்

கலியாணம் கட்டிய பதினெட்டு வருடத்தில் சந்தியோகு மனைவிக்குக் கட்டளை இட்டது ஒரே ஒரு முறை. அதையும் ஓடத் தோதாக முற்றத்தில் நின்றுதான் இட்டார்.

"மேரி ரோஸ், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சோலர் கறண்டில ஆரும் கை வைக்கப்படாது. என்ர சோதனை முடிய வேணும்."

"என்ர போன்?"

"போனுக்கும் இல்லை."

"அக்காவோட கதைக்கிறேல்லையோ?"

"ஒரு கிழமை கதைக்காட்டி அக்கா கரைஞ்சு போயிடுவாவோ?"

"சரியப்பா" என்றாள் மேரி ரோஸ். இவ்வளவு இலேசில் அவள் சரி சொன்னதே கிடையாது. மனிதர் அப்போதே உசாராகியிருக்க வேண்டும்.

இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து தலைமன்னாருக்குத் திரும்பி எட்டு மாதம். முகாமில் றேடியோ திருத்த இவரிடம் வரிசையில் நின்றார்கள். இங்கே நாய்கூட இவரைப் பார்த்துத்தான் குரைத்தது. அப்படி இருக்கையில்தான் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் அமிர்தநாயகம் வந்து, கடலில் விரித்த வலைக்கு அடையாளமாகக் கட்டும் விளக்குக்கு எந்தப் பற்றரி திறம், ஞாயிறு பூசை முடியச் சங்கத்தில் சொல்லுங்கோ என்று கேட்டார். ஊர் திரும்பிய பிறகு சந்தியோகுவிடம் யாரும் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

பற்றரிகள் மூன்று. மஞ்சள், பழைய நிக்கல் கட்மியம். பச்சை, அதற்குத் தம்பி முறையான நிக்கல் மெற்றல். நீலம், புதிதாக வந்த லித்தியம். சோதனைக்கு றிமோட்டில் ஓடும் ஒரு குட்டி லொறி.

"விளக்குக்குத்தானே பற்றரி? விளக்கைக் கொளுத்திப் பார்த்தாப் போதாதோ?" என்றாள் மேரி ரோஸ்.

"விளக்கு சும்மா நிக்கும். பாரம் இழுத்தால்தான் பற்றரியின்ர குணம் தெரியும்!"

உண்மை என்னவென்றால் அவருக்கு அந்த லொறி என்றால் உயிர். மேரி ரோஸுக்கும் அது தெரியும். முகாமிலிருந்து வரும்போது அம்மிக்கே இடமில்லாத பெட்டியில், தன் கலியாணச் சேலைக்குள் லொறியைச் சுற்றி வைத்தவளே அவள்தான்.

காலையில் வெயிலில் மூன்றையும் ஏற்றுவார். மத்தியானம் மீன் குழம்பும் சோறும் தின்று நன்றாக நித்திரை கொள்வார். ஐந்து மணிக்கு, ரயில் வராத பழைய ஸ்டேசன் மேடையில், இரண்டு கிலோ மண்ணை ஏற்றி லொறியை விடுவார். அது நிற்கும் வரை மணிக்கூட்டைப் பார்ப்பார்.

திங்கள், மஞ்சள் ஐந்தே நிமிடத்தில் படுத்தது. செவ்வாய், பச்சை படுத்தது. மஞ்சளோ எழும்பி இருபது நிமிடம் ஓடியது. புதனிலிருந்து மஞ்சளும் பச்சையும் ஒழுங்குக்கு வந்தன. நீலம்தான் முதல் இரண்டு நாளும் நாற்பது நிமிடம் பறந்துவிட்டு, புதனிலிருந்து ஒன்பது நிமிடத்தோடு நின்றது. சந்தியோகு கொப்பியில் எழுதினார்: "நீலம்: புது மாப்பிள்ளை மிடுக்கு. நம்பேலாது. செவ்வாயிலிருந்து படுக்காத மஞ்சளே சிறந்தது."

"நீலம் இண்டைக்கும் படுத்திட்டுதோ?" என்று மேரி ரோஸ் விசாரித்தாள்.

"ஒன்பது நிமிசம்! வெளியில பளபளப்பு. உள்ளுக்க ஒண்டுமில்லை."

"பாவம், அதுக்கு என்ன கஷ்டமோ."

ஞாயிறு, கொப்பியோடு சங்கத்தில் எழுந்து தொண்டையைச் செருமினார். அமிர்தநாயகம் முந்திக்கொண்டார்.

"நீங்கள் சொன்ன நீலம் நல்ல திறம்! வியாழக்கிழமையே வாங்கிக் கட்டினனாங்கள். வியாழன், வெள்ளி ரெண்டு இரவும் விடியுமட்டும் எரிஞ்சுது."

"நான்... சொன்னனானோ?"

"மேரி ரோஸ் தண்ணி கொண்டு வாற பவுசரடியில வச்சுச் சொன்னவ. 'அவர்தான் லொறி ஓட்டிக் கண்டுபிடிச்சவர், கூச்சத்தில ஞாயிறு வரைக்கும் வாய் திறக்கமாட்டார்' எண்டு. இனி எங்கட லைற், றேடியோ எல்லாம் உங்களிட்டத்தான்."

எல்லாரும் கை தட்டினார்கள். சந்தியோகு கொப்பியைச் சத்தமில்லாமல் சேட்டுக்குள் செருகினார்.

மேரி ரோஸ் குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நீலம் நல்லதெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் கத்தியால் சுவரைக் காட்டினாள். கோவில் கலண்டரில் பென்சில் கோடுகள்.

"திங்கள் மஞ்சள்ல போன் ஏத்தினனான், பாதிதான் ஏறினது. செவ்வாய் பச்சையில, முக்கால். புதன் நீலம். போனை முழுசா ஏத்திப்போட்டு உங்கட லொறிக்கும் ஒன்பது நிமிசம் மிச்சம் வச்சுது. பிறகு நான் அதை விடேல்லை."

"நான் நித்திரை கொள்ளேக்கையோ? கறண்டில கை வைக்காதை எண்டனானெல்லோ!"

"சோலர்ல நான் கை வைக்கேல்லை. பற்றரியிலதான் வச்சனான். மண்டபத்தில நீங்கள் செய்து தந்த வயராலதான்."

சந்தியோகு கலண்டர்க் கோடுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"அப்பிடி என்ன கதை அக்காவோட?"

"இஞ்ச வரப் பயம் அவவுக்கு. முகாமிலயே இருந்திடுவம் எண்டவ. ஆறு நாளாக் கெஞ்சினனான்." மேரி ரோஸ் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாறாவாம்."

அக்காவை முகாம் வாசலில் விட்டுவிட்டு வந்த அன்று, வழி நெடுக இவள் ஒரு சொல் பேசாமல் வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. ஊருக்குப் போவோம் என்று பிடிவாதம் பிடித்தது அவர்தான். நெஞ்சு கரைந்து போயிற்று. பக்கத்தில் குந்தி, கேட்காமலே ஒரு மீனை எடுத்துச் செதில் சுரண்டினார். பிறகு, போன மரியாதையில் கொஞ்சத்தையாவது மீட்கப் பார்த்தார்.

"எண்டாலும் சோதனையை நான் இன்னும் ஒரு கிழமை செய்து பார்க்கிறதுதான் முறை."

"செய்யுங்கோ, ஆர் வேண்டாமெண்டது? அக்கா வந்து இறங்குமட்டும் நீலம் எனக்கு. நீங்கள் மஞ்சளை ஓட்டுங்கோ."