துளசிராமன் எடைக்கு ஒரு எஞ்சின்

"தள்ளு துளசி, இன்னும் கொஞ்சம்!"

"தள்ளிக்கினுதாண்ணா இருக்கேன்" என்று பின்னாலிருந்து மூச்சிரைக்கப் பதில் வந்தது.

பூவராகவனின் பழைய மோட்டார் சைக்கிள் சோழவரம் ஏரிக்கரையோரம் மறுபடியும் படுத்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் அவன் வேலை பார்த்த இரும்புக் கம்பெனி ஏழு மணிக்குச் சங்கு ஊதிவிடும். எமர்ஜென்ஸி வந்ததிலிருந்து கேட்டில் யாருக்கும் ஈவு இரக்கம் கிடையாது.

துளசிராமனுக்குப் பக்கத்து ரசாயனக் கம்பெனியில் வேலை. ஆள் நெல்லு மூட்டை மாதிரி இருப்பான். ஒருநாள் வழியில் நின்றுபோன வண்டியைத் தானாக வந்து தள்ளிக்கொடுத்தான். அந்த நன்றிக்குப் பூவராகவன், "ஏறிக்க துளசி, இனிமே டெய்லி என்கூடவே வா" என்று சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து வண்டி மாட்டு வண்டியோடு போட்டி போட ஆரம்பித்தது.

இறங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. எஞ்சினுக்குத்தான் வலுவேற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியைப் பிரித்துப் போடுவதுதான் அவனுக்கிருந்த ஒரே சந்தோஷம். ஏரிப்பக்கம் மோட்டார் ரேஸ் நடக்கும்போது வேலிக்கு வெளியே நின்று பார்த்த அறிவும் கொஞ்சம் இருந்தது.

முதலில், உள்ளே அழுத்தம் கூடட்டும் என்று செங்குன்றம் தானியேலின் பட்டறையில் எஞ்சின் ஹெட்டை இழைக்கக் கொடுத்தான்.

"இதுக்கு மேல இழைக்க வேணாம் சார், திருப்பி உதைக்கும்."

"இழைங்க தானியேல். பின்னால துளசி உக்காரணும்."

உதைத்தது. கிக்கரை மிதித்தவன் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது. அதன்பிறகு வண்டி தினமும் தள்ளினால்தான் கிளம்பியது.

அடுத்து, பெட்ரோல் தாராளமாக இறங்கட்டும் என்று கார்புரேட்டர் துவாரத்தைப் பெரிசாக்கினான். வண்டி பறந்தது. கவரப்பேட்டையில் டாங்க் காலி. இருவரும் தள்ளினார்கள்.

கடைசியாக சைலென்சரின் உள்குடலை உருவி எறிந்தான். சத்தத்தில் எருமை மாடுகள் மிரண்டு சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. மாட்டுக்காரர் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மாடுகளை விரட்டிப் பிடித்துக் கொடுத்து, சாவியை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது டைம் கீப்பர் அப்பாவு கேட்டைப் பாதி மூடியிருந்தார்.

"இன்னாய்யா இது பேஜாரு? உன்னைப் பர்மனென்ட் பண்ணலாமான்னு மேனேஜர் என்னைக் கேக்கறாரு. இன்னும் ஒரே ஒரு லேட்டு, ஊட்டோட இருந்துக்கோ."

அன்று சாயங்காலம் மனைவி சந்திரகலா அவன் காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். அவளுக்கும் அலுத்துவிட்டது.

"அந்த ஆளை பஸ்ல வரச் சொல்லிட்டா முடிஞ்சுது. அதுக்கு இன்னாத்துக்கு இத்தினி கூத்து?"

"நம்மளையே நம்பிக்கினு இருக்கிற மனுசன்மா. எப்படிச் சொல்றது?"

"அப்போ வேலையை உட்டுட்டு வண்டியத் தள்ளிக்கினு இருங்க."

அவள் சொன்னது உறைத்தது. வேலை போனால் இந்த ஒத்தடமும் கிடைக்காது என்று அவனுக்குப் பட்டது. ஞாயிறு மாலை சோழவரத்தின் மறுகோடிக்கு நொண்டிக்கொண்டே போனான். துளசியிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

துளசிராமன் மனைவி முத்தம்மாள் கதவைத் திறந்தாள். கையில் தைலப் புட்டி.

"அவுரு படுத்துக்கினு இருக்காருண்ணா. தோள்பட்டை நோவு."

அவளிடமே சொல்லிவிட இதுதான் சமயம் என்று பூவராகவன் தலையைக் குனிந்துகொண்டான். அவமானமாக இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதம்மா. என் வண்டி ரெண்டு பேரைத் தாங்கல. நாளையிலேர்ந்து துளசியை பஸ்ல போகச் சொல்லணும். பாவம், எனக்கே மனசு கேக்கல."

முத்தம்மாள் தைலப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லாருப்பீங்கண்ணா! அவுரு கம்பெனி வண்டி டெய்லி எங்க தெருமுனையிலயே வந்து நிக்குது. நீங்க ஒண்டியா தள்ளிக்கினு கெடப்பீங்களேன்னுதான் அத்த உட்டுட்டு உங்ககூட வந்துக்கினு இருக்காரு."