அண்ணனுக்குப் பெரிதாக ஒரு பேனர்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உறவுக்காரர்களிடம் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, விசேஷ வீட்டு பேனரைப் பார்த்தால் போதும். யார் முகம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மரியாதை. சாம்பாரில் உப்பு குறைந்தால் மன்னித்துவிடுவார்கள். பேனரில் முகம் குறைந்தால் அந்தப் பேச்சு பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் ஓடும்.

என் கல்யாண பேனரில் என் அண்ணன் ஏழுமலையின் முகம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் அடித்த பேனர் அது. அவர்களெல்லாம் கறுப்புக் கண்ணாடியும் காதில் போனுமாக ஆளுயரத்துக்கு நின்றார்கள். அண்ணன் கடைசி வரிசையில், ஒரு பூந்தொட்டிக்குக் கீழே. (அந்தப் பூந்தொட்டி அவரைவிடப் பெரிது.) அப்பா இல்லாத வீட்டில் முன்னால் நின்று என் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் அவர். மண்டப வாசலில் பேனரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாலி கட்டி முடிந்ததும் கை நனைக்காமல் கிளம்பிவிட்டார். அதன்பின் என்னோடு பேச்சில்லை. நான் போன் செய்தால் எடுப்பதும் இல்லை.

என் மகன் கவினுக்குக் காது குத்த நாள் குறித்தபோது அண்ணன் நினைப்புதான் முதலில் வந்தது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். நானும் என் கணவர் சங்கரும் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துக்கொண்டு பாகூர் பக்கத்தில் இருக்கும் என் பிறந்த வீட்டுக்குப் போய் அழைத்தோம். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "பாக்கலாம்" என்றார். அதையும் மாட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

வில்லியனூர் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணன் தினமும் காலையில் லோடு வண்டியை ஓட்டிக்கொண்டு தவளக்குப்பம் ஜங்ஷன் வழியாகத்தான் போவார். அங்கே அவர் முகத்தை மட்டும் பெரிதாகப் போட்டு ஒரு பேனர் வைத்தால்? வேறு ஒரு முகமும் அதில் கூடாது. "கொழந்த போட்டோவ போடாத, கண்ணு பட்டுடும்" என்று மாமியார் சொன்னதால் கவினும் கிடையாது.

"கடையில சொன்னா அவங்களே டிசைன் பண்ணித் தருவாங்க" என்றார் சங்கர்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். நான் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். (மவுஸ் ஒயரை வாயில் வைக்காதே என்று சொல்வதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. அது என் கணவருக்குத் தெரியாது.)

லேப்டாப்பில் உட்கார்ந்து டிசைன் செய்தேன். நடுவில் அண்ணன். ஊர்த் திருவிழாவில் அம்மா எடுத்த படம் அது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை. கேமராவைக் கண்டால் அண்ணன் அப்படித்தான் நிற்பார். சுற்றிலும் ரோஜாப் பூக்கள். மேலே "கவின் காதணி விழாவுக்கு வருகை தரும் தாய்மாமனே, வருக வருக" என்று பளிச்சென்று கறுப்பு எழுத்தில் போட்டேன். கீழே அவர் பெயர், விழா தேதி, "உற்றார் உறவினர், நண்பர்கள்" எல்லாம் சிவப்பில். திரையில் வெள்ளைப் பின்னணியில் அது அவ்வளவு அழகாக இருந்தது. நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

தவளக்குப்பத்தில் இருந்த பேனர் கடைக்கு அனுப்பினேன். கடைத் தம்பி போன் செய்தார். "அக்கா, இது பி.என்.ஜி.யா இருக்குது. எங்க மெஷினுக்கு ஜேபிஜிதான் வேணும். மாத்தி அனுப்பிடுங்க. முகூர்த்த நேரம், கடையில நிக்க எடமில்ல."

படத்தை மாற்றித் தர ஆன்லைனில் எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. இலவசமாக ஒன்றைப் பிடித்தேன். படத்தை ஏற்றியதும் பக்கம் முழுக்க டவுன்லோடு பொத்தான்கள். பச்சைப் பொத்தானை அமுக்கினேன், என் லேப்டாப்பில் வைரஸ் இருப்பதாகச் சொல்லிச் சத்தம் போட்டது. சிவப்பை அமுக்கினேன், ரம்மி ஆடக் கூப்பிட்டது. நீலத்தை அமுக்கினால் என் தொப்பையைக் குறைத்துக் காட்டுவதாகச் சவால் விட்டது. (எனக்குத் தொப்பை இருப்பது அதற்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.) உண்மையான பொத்தான் ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் பாவமாக இருந்தது. ஒருவழியாகப் படம் இறங்கியது. சின்னதாகப் பார்க்கும்போது கறுப்பாகத் தெரிந்தது. இன்னும் சரியாக லோடு ஆகவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

கடைத் தம்பி மறுபடி கூப்பிட்டார். இந்தமுறை குரல் தணிந்திருந்தது. "அக்கா, கட்டுறதும் எங்க பசங்களே கட்டிடுவாங்க. நீங்க இந்த நேரத்துல அலைய வேணாம்."

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள் என்று சங்கரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை கவினுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது சித்தி போன் செய்தாள். எடுத்ததும் ஒரே அழுகை.

"ஏழுமல நம்மள வுட்டுட்டு போயிட்டானேடி. ஒரு வார்த்த சொல்லி அனுப்பக்கூடாதா? நான் ஜங்ஷன்ல பாத்துத்தான் தெரிஞ்சிக்கணுமா?"

சித்தியின் போனைப் பாதியிலேயே வைத்தேன். அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. (என் போனை எடுக்காதது அவர் வழக்கம் என்பது அப்போது நினைவுக்கு வருமா?) அண்ணிக்குச் செய்தேன், பிஸி. அம்மாவுக்குச் செய்தேன், அதுவும் பிஸி. சங்கர் முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். கவினை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. ஒரு பேனருக்காக அவர் பேசாமல் இருந்தார் சரி, நானாவது வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட்டுப் பேச வைத்திருக்கலாமே. என் பிள்ளையை அவர் ஒருமுறைகூடத் தூக்கியதில்லையே. கண்ணீரில் ரோடு சரியாகத் தெரியவில்லை.

ஜங்ஷனில் ஒரு லோடு வண்டி குறுக்காக நின்றிருந்தது. பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி, என் அண்ணன்.

ஸ்கூட்டரை நிறுத்தி, கவினை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நடு ரோடு என்ற நினைப்பே இல்லை.

"இன்னாடி?" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை.

"சித்தி சொன்னாங்கண்ணா... நீ போயிட்டேன்னு..."

"ஊரே சொல்லுது. வண்டிய வுட்டு எறங்குறேன், டீக்கடையில இருந்தவனுங்கல்லாம் எழுந்து ஓடுறானுங்க. அந்தப் பூக்கடக்காரம்மா மால போட்டுட்டு திரும்பி என்னப் பாத்துச்சி. பாவம், இன்னும் தண்ணி குடிச்சிக்கினு இருக்குது."

அப்போதுதான் நான் மேலே பார்த்தேன். அட்டைக் கறுப்பு. அதன் நடுவில் சிரிக்காத அண்ணன், சுற்றிலும் ரோஜாப் பூ, கீழே பெயர், தேதி, உற்றார் உறவினர், நண்பர்கள். மேலே நான் கறுப்பில் எழுதிய காதணியும் கவினும் வருக வருகவும் கறுப்போடு கறுப்பாகக் கரைந்து போயிருந்தன. போதாததற்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நான் போட்டது வெள்ளைப் பின்னணியே இல்லை. அந்த பி.என்.ஜி.யில் பின்னணி கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்திருக்கிறது. திரைதான் அதை வெள்ளையாகக் காட்டியிருக்கிறது. ஜேபிஜிக்கு அப்படி வெறுமையாக விடத் தெரியாது. அந்தத் தளம் காலி இடத்தையெல்லாம் கறுப்பால் நிரப்பிக் கொடுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இதையே நான் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

கடைக்குப் போன் செய்து கத்தினேன். "வெளக்கு மட்டும் நான் சேத்தேன்க்கா" என்றார் தம்பி. "துக்க வூடாச்சேன்னு வேற எதுவும் கேக்கல."

அண்ணன் தேதியைக் காட்டினார். "கருமாதிக்கு நாளும் குறிச்சிட்ட போல."

"அது காது குத்துற நாள்ண்ணா."

அவர் மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். இந்தமுறை பார்வை கொஞ்சம் மாறியிருந்தது.

"எத்தினி அடி?"

"பத்துக்கு எட்டு."

"வேற யாரு மூஞ்சும் இல்ல?"

"நீ மட்டுந்தாண்ணா. வேற யாரும் வேணாம்னுதான் நானே போட்டேன்."

அந்த நேரம் பார்த்து, என் இடுப்பிலிருந்த கவின் விளக்கையும் மாலையையும் பார்த்துவிட்டுக் கைகூப்பி, "சாமி" என்றான். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த கேமராவுக்கும் வராத சிரிப்பு. பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சாமி இல்லடா, மாமன்" என்றார். எனக்கு மறுபடியும் அழுகை வந்தது.

காதுகுத்துக்கு அண்ணன் விடியும் முன்பே வந்து நின்றார். அவர் மடியில் உட்கார்ந்துதான் கவின் ஊரைக் கூட்டினான். துக்கம் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும், ஆள் உண்மையிலேயே இருக்கிறாரா என்று பார்க்க வந்துவிட்டார்கள். பந்தியில் சாதம் பற்றாமல் மறுபடி உலை வைத்தோம்.

அந்த பேனர் இன்றும் பாகூரில் அண்ணன் வீட்டு வைக்கோல் போரின்மேல் கிடக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று வருகிறவர்களிடம் பெருமை பேசுவார். குடும்ப வாட்ஸப் குழுவில் நான் எந்தப் படம் போட்டாலும் முதல் பதில் அவருடையதுதான்: "யாரு போயிட்டாங்க?"

இப்போது என் மகளுக்குக் காது குத்தப் போகிறோம். போன வாரம் அண்ணனே போன் செய்தார்.

"பேனர் போடுறியா?"

"வேணவே வேணாம்ண்ணா. எதுக்கு வம்பு?"

"இன்னா வேணாம்? போடு. நீயே போடு, பெருசா போடு" என்றார். "அன்னிக்கி ஒரு நாளு நான் வண்டிய வேற ரோட்டுல வுட்டுக்கிறேன்."