ஒரு டப்பா அவலும் கரண்டி அண்ணனும்

சென்னையில் எத்தனையோ பேர் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். கரண்டி அண்ணனைப் போல யோசித்து யோசித்துப் போட்டவர் ஒருவரும் கிடையாது. அவர் போட்டது குதிரைக்கு.

அடையாறு ஆற்றோரம் ஒரு சின்ன லாயத்தில் என் மகள் நித்யா குதிரையேற்றம் கற்கிறாள். அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். சொந்தப் பெயர் என்னவென்று முதலாளிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். இடுப்பில் எப்போதும் ஓர் எவர்சில்வர் குழம்புக் கரண்டி செருகியிருக்கும். ஆள் உயரக் குதிரைக்கு அதில் அளந்துதான் ஊட்டுவார். குதிரைக்குப் போகிற எதையும் முதலில் தன் வாயில் போட்டுப் பார்ப்பார்.

ஒருமுறை மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இரண்டு இட்லி தின்றுவிட்டு எழுந்து கூடத்தில் பத்து நிமிடம் நடந்தார். திரும்பி வந்து இன்னும் இரண்டு. மறுபடியும் நடை. என் மனைவி சாம்பார் வாளியோடு பின்னாலேயே போனாள்.

"பொறும்மா, உள்ள போனது எறங்கட்டும்" என்றார்.

பன்னிரண்டு இட்லிக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

நித்யா நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நகரத்துக்கு வெளியே, உப்பளங்களை ஒட்டி அறுபது கிலோமீட்டர். நடுவே சில இடங்களில் நிறுத்திக் குதிரையின் நாடியை மருத்துவர் பார்ப்பார். அவ்வளவு தூரம் ஓடும் குதிரையின் உடம்பிலுள்ள சர்க்கரை கரைந்துகொண்டே போகும், வழியிலேயே ஈடுகட்ட வேண்டும் என்று கைப்பேசியில் படித்தேன். படித்ததை அண்ணனிடம் ஒப்பித்தேன்.

"கரெக்டுதான் சார். அதுக்குத்தான் தவுட்டுக் கஞ்சி, உப்பு, இந்த மாவுப் பொடி" என்றார்.

"எவ்வளவு குடுப்பீங்க?"

"ரெண்டு கரண்டி."

"இவ்வளவு பெரிய உடம்புக்கு ரெண்டு கரண்டியா?"

"நிக்கிற குதிரைக்கு வண்டி வண்டியா போடலாம் சார். ஓடுற குதிரைக்கு வயித்துல ரத்தமே இருக்காது. எல்லாம் கால்ல கீது."

எனக்கு மனம் ஆறவில்லை. பரீட்சைக்குப் போகும் பிள்ளையையே வயிறு நிறைய அனுப்பிப் பழகிய வீடு எங்களுடையது.

இரண்டாவது நிறுத்தத்தில் ராணி, அதுதான் நித்யா ஏறிய பழுப்புக் குதிரை, ஓட்டத்தில் ஏறிய நாடி இறங்கி நன்றாகவே நின்றாள். அண்ணன் இரண்டு கரண்டி ஊட்டிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். நித்யாவுக்காக என் மனைவி ஒரு பெரிய டப்பா நிறைய, ஊறவைக்காத அவலில் வெல்லம் பொடித்துப் போட்டு அனுப்பியிருந்தாள். நித்யா வேண்டாமென்று சொல்லிவிட்டுச் சேணத்தைச் சரிபார்க்கப் போய்விட்டாள். ராணி என்னைப் பார்த்தாள். பசிக்கிற கண்கள் என்று நானே முடிவு செய்தேன். டப்பா ஒரு நிமிடத்தில் காலி.

அவல் ஊறினால் எவ்வளவு ஆகும் என்பது எந்தச் சமையலறைக்கும் தெரியும். எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த நிறுத்தத்துக்கு நித்யா குதிரையின் மேல் வரவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, அழுதபடி நடந்து வந்தாள். ராணி திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள், முன்காலால் மண்ணைக் கிளறினாள். மருத்துவர் அவள் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "குடல் சத்தமே இல்ல. என்ன தின்னுச்சு?" என்றார்.

அண்ணன் ராணியின் உதட்டில் ஒட்டியிருந்த ஒரே ஓர் அவலைக் கிள்ளி எடுத்தார். வாயில் போட்டுப் பார்த்தார். பிறகு என்னையும் என் பையில் தெரிந்த காலி டப்பாவையும் பார்த்தார்.

"அவலு, வெல்லம் டாக்டர். ஒரு டப்பா. நான்தான் குடுத்தேன்" என்றார் அண்ணன்.

நான் வாயைத் திறந்தேன். "பாப்பா கேட்டுக்கினு கீது. கம்முனு நட சார்" என்று கயிற்றை என் கையில் திணித்தார்.

மருத்துவர் ஊசி போட்டார். சாணம் போட்டால் பிழைப்பாள், இல்லாவிட்டால் சொல்ல முடியாது என்றார். அந்த வெயிலில் நானும் அண்ணனும் ராணியை மெல்ல நடத்தினோம். இரண்டு நடுவயதுக்காரர்கள் ஒரு குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்ததைப் பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

வெயில் தாழும் நேரத்தில் ராணி வாலைத் தூக்கினாள். விழுந்ததைப் பார்த்து நான் கைகூப்பினேன்.

அதன் பிறகு எட்டு நாள் நித்யா அண்ணனோடு பேசவில்லை. "உங்களை நம்பினேன்ல" என்று ஒரே ஒருமுறை சொன்னதோடு சரியாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு லாடம் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒன்பதாம் நாள் லாயத்துக்குப் போய், அவள் அவரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் கண்ணால் பார்த்தபோது என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே, இருவரும் இருக்கும்போது, உண்மையைச் சொன்னேன்.

நித்யா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "உடு பாப்பா. உங்கப்பாவுக்கு இன்னொருத்தர் பசி தாங்காது. அது ஒரு சீக்கு."

இப்போது நான் லாயத்துக்குப் போனால் தீவனத் தொட்டிப் பக்கமே அவர் என்னை விடுவதில்லை. குதிரைகளிடமிருந்து பத்தடி தள்ளி, வேப்பமர நிழலில், எனக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்திருக்கிறார்.