அடுத்த அறையில் கர்னல்

பீரங்கிப் படையைக் காணவில்லை.

போர் தொடங்க இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. மார்ஷல் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார். நாற்காலி மெத்தைகளை உதறிப் பார்த்தார். கடைசியில் பல் டாக்டரின் சட்டைப் பையைக்கூட விட்டுவைக்கவில்லை.

"என் பையில ஏன் சார் பீரங்கி இருக்கப்போகுது?" என்று நெளிந்தார் பல் டாக்டர்.

மார்ஷல் என்பது நண்பர்கள் வைத்த பட்டப்பெயர். மற்ற நாட்களில் அவர் பஸ் டிப்போவின் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாளர். பிரேக் கட்டையும் ஃபேன் பெல்ட்டும் அவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. சனிக்கிழமை பிற்பகல் ஆனால் வீட்டின் முன்னறையில், எட்டடி நீள மேஜைமேல், ஆறும் மலையும் காடும் பாலமும் வரைந்த வரைபடத்தை விரித்துவிடுவார். தகர வில்லைகள்தான் படைகள். பல் டாக்டரும் மருந்துக் கடைக்காரரும் வந்து சேர்ந்தால் போர் ஆரம்பம். மூன்று பேரில் ஒருவரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் எந்த நாட்டு டாங்கி எத்தனை டன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த மேஜையில் மார்ஷல் பதினொரு வருஷமாகத் தோற்றதே இல்லை.

"இதையா தேடுறீங்க?"

அவர் மனைவி கதவோரம் நின்றாள். கழுத்தில் அளவு நாடா, கையில் பீரங்கிப் படை.

"துணி பறக்காம இருக்க மேல வச்சிருந்தேன். நல்ல கனமா இருந்துச்சு."

"அது கனரகப் பீரங்கிம்மா! முப்பது கிலோமீட்டர் சுடும்!"

"எனக்குத் துணிதாங்க பறக்கக் கூடாது. நாப்பது ஸ்கூல் சட்டை வெட்டணும். ஃப்ரிட்ஜுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவுல தரையில குந்தி வெட்டி வெட்டி இடுப்பே போயிடுச்சு. எட்டடி மேஜை ஒண்ணு இந்த வீட்டுல இருக்கு. அதுல வாரம் பூரா தகரம் படுத்துத் தூங்குது."

நண்பர் எதிரில் இப்படிச் சொன்னால் எந்த மார்ஷலுக்குத்தான் ரோஷம் வராது?

"சரி, கேட்டுக்கோ. இன்னைக்கு நான் தோத்தா மேஜை உனக்கு. இன்னைக்கே, இப்பவே. ஜெயிச்சா இனிமே நீ மேஜைப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"டாக்டர் சார், நீங்க சாட்சி" என்றாள் அவள். பீரங்கியை மார்ஷலின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

வார்த்தையை விட்ட பிறகுதான் மார்ஷலுக்கு உறைத்தது. இன்றைக்கு எதிரி பல் டாக்டர் இல்லை. மருந்துக் கடைக்காரரும் இல்லை. கர்னல்.

நிஜக் கர்னல். முப்பது வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்று, மூன்று மாதத்துக்கு முன்னால் எதிர் வீட்டுக்குக் குடிவந்தவர். அவர் வந்த நாளிலிருந்து மார்ஷல் ஜன்னலை விட்டு நகரவில்லை என்றே சொல்லலாம். கர்னல் காரைப் பின்னால் எடுத்து ஒரே திருப்பில் நிறுத்துவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். கர்னல் செய்தித்தாளை மடிப்பது, கர்னல் குப்பைக் கூடையைச் சுவரோடு ஒட்டி நேராக வைப்பது, எல்லாவற்றிலும் ஒரு திட்டம் இருப்பதாக அவருக்குப் பட்டது. போன வாரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு விளையாட்டுக்கு அழைத்தபோது, கர்னல் "சனிக்கிழமை. ரெண்டு மணி" என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று சொற்களை மார்ஷல் அன்று இரவு மனைவியிடம் எட்டு முறை சொல்லிக் காட்டினார்.

விளையாட்டின் சட்டதிட்டங்களை மார்ஷலே முப்பத்திரண்டு பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். இரு தரப்புக்கும் தனித்தனி அறை, தனித்தனி வரைபடம். போருக்கு முன்னால் தலைவர்கள் முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது. உத்தரவைச் சீட்டில் எழுதி நடுவரிடம் தர வேண்டும். பத்து நிமிஷத்தில் புதுச் சீட்டு வரவில்லை என்றால் பழைய உத்தரவே நீடிக்கும். மூடுபனியில் படைகள் பாதி வேகத்தில்தான் நகரும். எல்லாவற்றுக்கும் மேலே பதினாலாவது விதி: எதிரி என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்பதை, முடிவுத்தாளில் இருவரும் கையெழுத்துப் போடும்வரை நடுவர் வாய் திறந்து சொல்லக் கூடாது.

நடுவர், மருந்துக் கடைக்காரர். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்த சொந்த மைத்துனரிடமே டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டவர். அவரைவிட நல்ல நடுவர் எங்கே கிடைப்பார்?

கடிகாரம் இரண்டு அடித்தது. கர்னலுக்காக ஒதுக்கிய பக்கத்து அறையில் நடுவர் காத்திருந்தார். அதன் தெருக்கதவு தட்டப்பட்டது. கனத்த காலடிகள். "இந்தாங்க" என்று ஒரு கணீர்க் குரல். அதற்குப் பிறகு ஏதோ தணிந்த பேச்சு. கதவு சாத்தும் சத்தம். பிறகு நிசப்தம்.

"ரெண்டுன்னா ரெண்டு!" மார்ஷலுக்குக் கை மயிரெல்லாம் சிலிர்த்தது.

"வந்ததும் வராததுமா உத்தரவு குடுத்துட்டார் பாத்தீங்களா? வரைபடத்தையே பாக்கல" என்று கிசுகிசுத்தார் பல் டாக்டர். இன்றைக்கு அவர் மார்ஷலின் தலைமை ஆலோசகர்.

உள்கதவைத் திறந்துகொண்டு மருந்துக் கடைக்காரர் வந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"மார்ஷல், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..."

"கர்னலைப் பத்தியா?"

"ஆமா. அவர் வந்து..."

"பதினாலு!" என்று கையை உயர்த்தினார் மார்ஷல். "ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"இல்ல, இது கொஞ்சம் வேற மாதிரி..."

"சார், பக்கத்து ரூம்ல ஒரு நிஜ ராணுவ அதிகாரி. அவர் காதுபட நாம விதியை மீறலாமா? நடுவரே இப்படிப் பண்ணா எப்படி?"

மருந்துக் கடைக்காரர் முதல் உத்தரவுக்காகக் கையை நீட்டினார். சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

முதல் சுற்றில் மார்ஷல் உளவுப் படையைக் காட்டு வழியாக அனுப்பினார். பல் டாக்டரின் வற்புறுத்தலில் ஒரு ட்ரோனையும் ஏவினார்.

"இனிமே டாங்கியெல்லாம் மியூசியத்துக்குத்தான் மார்ஷல். உள்ளங்கை அகல ட்ரோன் போதும். ஒரு படையையே முடிச்சுடும்."

"ட்ரோன் மேல இருந்து பாக்கும், அடிக்கும். நிலத்தைப் பிடிக்குமா? நீங்க எக்ஸ்ரே எடுத்தா பல்லு தானா கழண்டு விழுந்துடுமா?"

அப்போது பக்கத்து அறையில் நடக்கும் சத்தம் கேட்டது. எட்டு அடி, ஒரு திருப்பம். மறுபடி எட்டு அடி.

"கேட்டீங்களா?" மார்ஷல் சுவரில் காதை வைத்தார். "அளந்து நடக்கறார் சார். முப்பது வருஷப் பயிற்சி."

பத்து நிமிஷம் கழித்து நடுவர் வந்தார். "ஆத்தங்கரையிலேருந்து காடு வரைக்கும் மூடுபனி. ட்ரோனுக்குக் காட்டுக்குள்ள ஆளுங்க உடம்புச் சூடு தெரியுது. யாரோட ஆளுன்னு தெரியல."

"நம்ம உளவுப் படை இந்நேரம் காட்டைத் தாண்டியிருக்கும்" என்று மேஜையைத் தட்டினார் மார்ஷல். "இது கர்னல்! முதல் அடியிலயே காட்டுக்குள்ள புகுந்துட்டார். பீரங்கி சுடட்டும்!"

பீரங்கி சுட்டது. அடுத்த சுற்றில் செய்தி வந்தது. காட்டில் இருந்த படை சுத்தமாக அழிந்தது. கூடவே, மார்ஷலின் உளவுப் படையிடமிருந்தும் தகவல் நின்றுவிட்டது.

"ஒரே நேரத்துலயா?" பல் டாக்டர் வாயைப் பிளந்தார்.

"நான் அவர் ஆளை அடிக்கற அதே நிமிஷம் அவர் என் ஆளை அடிச்சிருக்கார்." மார்ஷல் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பயம் வரவேண்டிய இடத்தில் அவருக்குப் பெருமிதம் வந்தது. இப்படிப்பட்ட மனிதரோடு மோதும் பாக்கியம் எத்தனை கிடங்குப் பொறுப்பாளர்களுக்குக் கிடைத்திருக்கிறது?

மனைவி தட்டில் நான்கு டம்ளர் டீ கொண்டுவந்தாள். உள்ளே இரண்டை நடுவரே எடுத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டும் காலியாக வந்தன.

"சண்டை உச்சத்துல இருக்கு, நிம்மதியா டீ குடிச்சிருக்கார்" என்று மார்ஷல் அதில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு சொட்டு மிச்சம் வைக்கல."

மருந்துக் கடைக்காரர் எதற்கோ இருமினார்.

கண்ணாக இருந்த உளவுப் படை போய்விட்டது, இனி குருட்டாம்போக்கில்தான் முன்னேற வேண்டும். மார்ஷல் டாங்கிப் படையை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி பாலத்தைத் தாண்டி நேராக. இன்னொரு பாதி மலையைச் சுற்றி, கர்னலின் முதுகுப் பக்கமாக. "முன்னாலயும் பின்னாலயும் ஒரே நேரத்துல போய் நெருக்கினா, நடுவுல அவர் மாட்டிக்குவார்."

பத்து நிமிஷம் யுகமாகக் கழிந்தது. நடுவர் வந்து நின்றார். இந்தமுறை அவர் மார்ஷலின் கண்ணைப் பார்க்கவில்லை.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் மூடுபனியில உங்க முதல் டாங்கிப் படை டாங்கிகளோட மோதிச்சு. பாதி காலி."

"ரெண்டாவது?"

"அதுவும் மோதிச்சு. டாங்கிகளோடதான். பாதி காலி."

மார்ஷல் எழுந்து நின்றார். வரைபடத்தில் இரண்டு படைகளின் பாதையையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"நடுவுல புகுந்து, ரெண்டு பக்கமும் திரும்பி, ரெண்டையும் ஒரே சமயத்துல அடிச்சிருக்கார். டாக்டர், இதை இன்னொரு மனுஷன் பண்ணுவானா?"

"இது யுத்தமே இல்ல சார், சங்கீதம்" என்றார் பல் டாக்டர். ட்ரோனை அவர் மறந்தே போயிருந்தார்.

"மார்ஷல்" என்று மருந்துக் கடைக்காரர் கெஞ்சாத குறையாக ஆரம்பித்தார். "மனசு கேக்கல. நான் ஒண்ணே ஒண்ணு..."

"இரக்கப்பட்டு எனக்கு உதவி பண்ணப் பாக்கறீங்க. வேண்டாம். தோத்தாலும் நேர்மையா தோக்கணும்."

"உதவி இல்ல..."

"பதினாலு!"

மிஞ்சியது ஒரே வழி. கர்னல் பாலத்தைக் கடந்து வராமல் தடுக்க வேண்டும். மார்ஷல் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பாலத்தைத் தானே தகர்க்கும்படி எழுதிக் கொடுத்தார். சீட்டு போய்ச் சேர்ந்து சிறிது நேரமானபின்தான், டீசலும் குண்டும் ரொட்டியும் ஏற்றிய தன் லாரிகள் அத்தனையும் ஆற்றுக்கு இந்தப் பக்கமும், படை முழுக்க அந்தப் பக்கமும் நிற்பது அவர் கண்ணில் பட்டது. பத்தொன்பது வருஷக் கிடங்கு அனுபவத்தில் ஒரு நட்டு போல்ட்டைக்கூட அவர் இடம் மாற்றி வைத்ததில்லை.

"அவர் என் கையாலயே பாலத்தைத் தகர்க்க வச்சிருக்கார்" என்றார் தாழ்ந்த குரலில். "பாலம் பக்கம் அவர் வரவே இல்ல. வருவார்னு நான் நினைக்கற மாதிரி செஞ்சார். அவ்வளவுதான்."

சாப்பாடில்லாமல் இரண்டு சுற்று தாங்கலாம். மூன்றாவது சுற்றில் படை தானே கலையும். மார்ஷல் பேனாவை எடுத்தார். முதலில் முடிவுத்தாளில் கையெழுத்துப் போட்டார், பிறகு சீட்டில் அழகாக எழுதினார். "சரணடைகிறேன். உங்களிடம் தோற்றதை என் வாழ்நாள் பெருமையாகக் கருதுகிறேன்."

மருந்துக் கடைக்காரர் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். போனார். வந்தார்.

"பதில் ஒண்ணும் இல்ல."

"இருக்காது" என்றார் மார்ஷல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஜெயிச்சவன் பேச மாட்டான்."

சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, உள்கதவைத் திறந்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். நாற்காலி காலி. அங்கிருந்த மடக்கு மேஜைமேல் கர்னலின் வில்லைகள் மலைக்குப் பின்னால், அடுக்கி வைத்த இடத்திலேயே வரிசை குலையாமல் நின்றன.

"போயிட்டார்!" மார்ஷல் சல்யூட் வைத்த கையை இன்னும் இறக்கவில்லை. "கைதட்டல்கூட வேண்டாம்னு போயிட்டார். அதுவும் படையைப் பழையபடி அடுக்கி வச்சுட்டு! நாம என்னைக்காவது ஆட்டம் முடிஞ்சதும் அடுக்கி வச்சிருக்கோமா டாக்டர்?"

"வெக்கமா இருக்கு சார்" என்றார் பல் டாக்டர்.

"இப்பவாவது சொல்லலாமா?" என்று கேட்டார் மருந்துக் கடைக்காரர்.

"ரெண்டு கையெழுத்தும் ஆச்சா?"

"உங்களோடது மட்டும்தான்."

"அப்ப விதி விதிதான்."

கொடுத்த வாக்கு வாக்குதான். மார்ஷல் வரைபடத்தைச் சுருட்டினார். மலை, காடு, ஆறு எல்லாம் ஒரு குழாய்க்குள் போயின. பதினொரு வருஷப் படைகள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கின. மனைவி சட்டைத் துணிக்கட்டோடு வந்தாள். ஈரத்துணியால் மேஜையைத் துடைத்தாள், துணியை எட்டடிக்கும் விரித்தாள், சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். முதல் சட்டைக்குக் கத்தரிக்கோல் ஓடிய சத்தம் மார்ஷலுக்குச் சுரீரென்றது. ஆனாலும் அவள் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு நின்று வெட்டுவதைப் பார்த்தபோது, தோற்றதும் ஒருவகையில் நல்லதற்குத்தான் என்று பட்டது.

"வருத்தமாங்க?" என்றாள்.

"வருத்தமா? சாதாரண ஆள்கிட்டயா தோத்தேன்?"

வாசல் மணி அடித்தது. பல் டாக்டர் போய்க் கதவைத் திறந்தார். கர்னல் நின்றுகொண்டிருந்தார். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார், சொட்டச் சொட்ட நனைந்திருந்தார், கையில் ஒரு ஸ்பானர்.

"மன்னிக்கணும் சார், வீட்டுல குழாய் உடைஞ்சு ஒரே வெள்ளம். அதான் 'நான் வர்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது'ன்னு சீட்டைக் குடுத்துட்டு வந்த காலோட ஓடிட்டேன், இப்ப ஆரம்பிக்கலாமா?"