பதின்மூன்று அங்குலக் கைக்காப்பு

வாழ்க ஆரின் லன்குவிஸ்ட்! பேயெட் நதி புகுந்து விளையாடும் எம்மெட் பள்ளத்தாக்கின் வாய்க்கால் காவலனே, மதகு திறப்போனே, நாற்பது மைல் கால்வாயில் ஒருவன் தன் பங்குக்கு மேல் ஒரு குவளை நீரை மடை மாற்றினாலும் மோப்பம் பிடித்து வந்து நிற்கும் மீசைப் பெருந்தகையே, நின் புகழ் பாடப் புகுந்தோம். கலைமகளே, எம் நாவில் வந்தமர்க. அம்மை வர நேரமில்லையெனில் வெர்ன் கடைக் கசப்புக் காப்பியாவது வந்து எம் தொண்டையை நனைக்கட்டும்.

போர் மூண்ட காரணம் கேண்மின். ஆரினின் மனையாள் டார்லா, பொன்னிறச் சிறகும் பெருத்த மேனியும் கொண்ட எட்டுக் கோழிகளை, தன் எட்டு அத்தைமாரின் பெயரிட்டு வளர்த்து வந்தாள். மூன்றாண்டுகளாகக் கவுன்டி கண்காட்சியில் முதற்பரிசான நீல நாடா கைநழுவிப் போக, இவ்வாண்டு அதை வென்றே தீர்வதென்று, வில்மா என்னும் கடைக்குட்டி அத்தைக்குத் தன் கையாலேயே சோளம் ஊட்டினாள். அந்நிலையில் ஒருநாள் வைகறையில், நரியினும் பெரியதும் ஓநாயினும் சிறியதும் நாணம் என்பதே அறியாததுமான கொயோட்டி ஒன்று, மலைச்சரிவின் புதர்களினின்றும் இறங்கி வந்து ஹேசல் அத்தையைக் கவ்விச் சென்றது.

“ஆரின், கூட்டுக் கதவ வெறும் கம்பி முறுக்கித்தானே கட்டி வச்சிருக்கோம்? ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடு, போதும்” என்றாள் டார்லா.

கேட்டனன் ஆரின், கண் சிவந்தனன், மீசை துடித்தனன். ‘தாழிட்டு ஒளிவது தளர்ந்தோர் செயல், பகை முடிப்பதே படைக்கலம் ஏந்தினோர் கடன்’ என அண்டம் அதிர முழங்கினன். “தாழ்ப்பாளெல்லாம் சரிப்படாது டார்லா, அத சுட்டாத்தான் அடங்கும்” என்பது அம்முழக்கத்தில் அவன் வாய்விட்டுச் சொன்ன பகுதி.

ஆயின் இருளில் சுட விளக்கு வேண்டும். விளக்கைத் துப்பாக்கியில் பொருத்த, ரெயில் எனும் பல் வைத்த பட்டை வேண்டும். ரெயிலோ, சுட்ட குழலின் சூடு கையைப் பொசுக்காதபடி குழலைச் சுற்றி அணியும் கைக்காப்பின் மேல்தான் இருக்கும். ஆரினின் துப்பாக்கி அணிந்திருந்ததோ ரெயிலற்ற பழைய பிளாஸ்டிக் காப்பு. அதைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் எறிந்து, ‘தக்கதொரு காப்புப் பூணும் வரை இத்துப்பாக்கி அலமாரி விட்டு வெளிவாராது’ என்று சூளுரைத்தான். திங்களன்று குப்பை லாரி வந்து அப்பழங்காப்பைக் கொண்டுபோயிற்று.

சனிக்கிழமை தோறும் ஊர் ஆடவர் கூடும் வெர்னின் துப்பாக்கிக் கடையே குருக்ஷேத்திரம். அங்கே இரு பெருங்கட்சிகள் உண்டு. நாற்புறமும் முதலை முதுகுபோல் பல் வரிசை நிமிர்ந்த காப்பே காப்பு என்பார் டெல்லின் தலைமையிலானோர். வழவழவென்று இளைத்து, பக்கமெங்கும் நீள்துளைகள் இட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் ரெயிலைத் திருகிக்கொள்ளும் காப்பே காப்பு என்பார் கோல்பியின் தலைமையிலானோர். அவ்விருவரும் ஒரே தெருக்காரர். ஒரே சர்ச்சில் ஒரே பெஞ்சில் அமர்பவர். ஆயினும் இப்பொருளில் பதினோரு ஆண்டுகளாகச் சமாதானம் இல்லை.

“அந்தத் துளைக் காப்பு தேங்கா துருவுறதுக்கு ஆகும். அத வாங்காத ஆரின்” என்பான் டெல்.

“உன்னோடத பிடிச்சு பிடிச்சு உன் உள்ளங்கை முதலை கடிச்ச மாதிரி ஆயிருச்சே, அத மொதல்ல காட்டுடா” என்பான் கோல்பி.

ஏழு அங்குலம், ஒன்பது, பத்து, பதின்மூன்று, பதினைந்து என நீளத்தால் ஐவகை. அலுமினியம், மக்னீசியம், கரிநார் எனப் பொருளால் மூவகை. கறுப்பு, பாலைமணல் என நிறத்தால் இருவகை. இவற்றையெல்லாம் ஆரின் கையிலேந்தினான், கண்ணருகே கொணர்ந்தான், ஒரு கண் மூடினான், ‘ம்ம்’ என்றான், மீண்டும் வைத்தான். மகட்கொடைக்குப் பத்து வரன் பார்த்த தகப்பனும் இவ்வளவு குறை கண்டிரான்.

கடைக்காரன் வெர்ன் மட்டும் வாரந்தோறும் ஒரே மந்திரம் ஓதினான்: “ஒருதரம் துப்பாக்கியக் கொண்டாந்து காட்டேன்யா. வச்சுப் பாத்துருவோம்.”

ஆனால் எங்கள் ஊர் வழக்கத்தை நீவிர் அறியீர். தன் துப்பாக்கியைக் கடைப்பலகை மேல் கிடத்தி அளவு பார்க்கச் சொல்பவன், தன் துப்பாக்கியைத் தானே அறியாதவன் என்று அடுத்த தேர்தல் வரை பேசப்படுவான். “என் துப்பாக்கி எனக்குத் தெரியாதா வெர்ன்?” என்று நெஞ்சைத் தட்டினான் ஆரின். இரு கட்சியினரும் அந்த ஒன்றில் மட்டும் ஒருமனதாகத் தலையசைத்தனர்.

இஃது இவ்வாறிருக்க, கொயோட்டியும் வாளாவிருந்ததில்லை. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆரினின் லாரி வாயில் தாண்டும் ஓசையே தனக்கு உணவு மணி என்பதைக் கற்றுக்கொண்டது. முதற்சனி இர்மா அத்தை போனாள், மறுசனி லொரெய்ன். இப்படியே வாரம் ஒருத்தியாக ஆறு சனியில் அறுவர் சிறகுகளாய் மட்டும் எஞ்சினர்.

“அது பட்டப்பகல்ல வருது ஆரின். உனக்கு விளக்கு எதுக்கு?” என்றாள் டார்லா. அவள் கையில் அறுமுறை முறுக்கித் தேய்ந்த கம்பி இருந்தது. “வியாழக்கிழம கண்காட்சி. வில்மா ஒருத்திதான் மிச்சம். அவளும் போனா நான் உன்கூடப் பேசவே மாட்டேன், சொல்லிட்டேன்.”

அக்குரலில் சினம் இல்லை, அழுகை இருந்தது. ஆரின் அஞ்சியது அதற்குத்தான். எனவே ஏழாம் சனியன்று கடை புகுந்தவன், டெல்லையும் பாரான், கோல்பியையும் பாரான், காப்பியையும் தீண்டான். கறுத்துத் திரண்டு, மேல்முதுகில் பல்லும் பக்கங்களில் துளையும் ஒருங்கே அமைந்து, இரு கட்சிக்கும் பாதி உரியதாய், எனவே இரு கட்சியாலும் முழுதும் வெறுக்கப்பட்டதாய் மூலையிற் கிடந்த பதின்மூன்று அங்குல அலுமினியக் காப்பைப் பற்றி, “இதான்” என்றான். வெர்ன் வாய் திறந்தான். ஆரின் கை உயர்த்தினான். வெர்ன் வாய் மூடினான்.

வீடு வந்தான் வீரன். அலமாரி திறந்து துப்பாக்கியை எடுத்து அடுக்களை மேசையில் கிடத்தினான். காப்பைக் குழலின் நுனி வழியே செலுத்தினான். வழுக்கிச் சென்றது, சென்றது, பாதியில் ‘டொக்’கென்று நின்றது. ஏனெனில் அத்துப்பாக்கியின் குழல் நடுவே, குறி பார்க்கும் முள்ளைத் தாங்கி, அசைக்கவொண்ணாதபடி ஆணியறைந்து, முக்கோணக் கோபுரமொன்று பத்தொன்பது ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. நாள்தோறும் அதன் வழியே குறி பார்த்தவன், அதை மட்டும் பார்த்ததில்லை. தள்ளினான், திருப்பினான், சோப்பு தடவினான். கோபுரம் அசையவில்லை.

“வெர்ன் கேட்டப்பவே கொண்டு போயிருக்கலாம்ல” என்று டார்லா சொல்லத் தொடங்கியபோது, கொல்லையில் வில்மா அத்தை வானம் பிளக்கக் கதறினாள். ஆரின் அன்று வழக்கத்தினும் முன்னதாகத் திரும்பியதைக் கொயோட்டி எதிர்பார்க்கவில்லை.

என் செய்வான் வீரன்! துப்பாக்கி சோப்பு நுரையில் கிடக்க, கையில் எஞ்சியது காப்பு ஒன்றே. அதையே ஏந்திக் கதவை உதைத்து வெளிப்பட்டான். ஒரு காலில் செருப்பு, மறுகாலில் இல்லை. வில்மாவின் வாலைக் கவ்வி வேலியை நோக்கிப் பாயும் பகையைக் கண்டான். தோள் சுழல, மீசை பறக்க, மதகு திறந்து திறந்து முறுக்கேறிய அவ்வலக்கை வீச, எழுந்தது காப்பு. சுழன்றது, வெயிலில் மின்னியது, கொயோட்டியை நான்கடி தவறவிட்டது, வேலியோரத் தகரத் தண்ணீர்த்தொட்டியில் இடியென மோதியது. மலைகள் எதிரொலித்தன. கொயோட்டி வாய் பிளந்தது, வில்மா விழுந்தாள், பகையோ புழுதி கிளப்பி மலையேறிற்று.

டார்லா ஓடிவந்து வில்மாவை மார்போடு அணைத்தாள். வால் இறகு மூன்று குறைந்திருந்தது. பிறகு மறுகையால் ஆரினையும் அணைத்தாள். “ஏழு வாரமா தேடுனது வீசுறதுக்குத்தானா?” என்று கேட்டவள், அழுதுகொண்டே சிரித்தாள். அவன் கண்ணும் கலங்கியிருந்ததை யாம் கண்டோம், மறையோம்.

வியாழனன்று வில்மாவுக்கு இரண்டாம் பரிசு கிட்டியது. நடுங்கிய தொட்டியும், நசுங்கிய காப்பும், வெர்ன் கடையில் இருகட்சியும் ஒன்றுகூடி எழுப்பிய நகைப்பேரொலியும் இப்பள்ளத்தாக்கின் வரலாற்றில் நின்று நிலவுக. ஞாலமுள்ளளவும் ஆரின் நாமம் வாழ்க!

அந்தக் காப்பு இப்போது கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது.