பொட்டு வைத்த பிஸ்கற்

எதையும் எண்ணிப் பார்த்துச் செய்தால் பிழைக்காது என்று எழுபத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை ஒரு தட்டுப் பிஸ்கற் தின்றுவிட்டது.

சலீம் என் பள்ளித் தோழன். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போனவன். அதன்பிறகு அவன் என் வீட்டுப் படி ஏறியதில்லை. ஒருநாள் தொலைபேசியில், "மச்சான், ஞாயிற்றுக்கிழமை கரவெட்டிக்கு உன்ரை வீட்டை வாறன்" என்றான். இத்தனை வருடம் கழித்து வருகிறவன் வெறும் வயிற்றோடு திரும்பிப் போனால் நான் எந்த முகத்தோடு இருப்பது?

எங்கள் சட்டிகளில் சந்தை இறைச்சி காய்ச்சுகிறோம். அது ஹலால் இல்லை, அவனுக்கு ஆகாது. ஆகவே சமையலே வேண்டாம், ஒட்டிய பக்கற்தான் பாதுகாப்பு என்று முடிவெடுத்தேன். (அப்போது அது பெரிய மூளையாகத் தெரிந்தது.)

நெல்லியடிக் கடையில் பூதக்கண்ணாடியோடு நின்றேன். பதினொரு பக்கற். ஒன்றில் ஜெலற்றின், எந்த மிருகத்தின் எலும்போ, தள்ளி வை. இன்னொன்றில் 471 என்று ஓர் இலக்கம். செடிக்கொழுப்போ மிருகக்கொழுப்போ, போட்டவனுக்குத்தான் வெளிச்சம். அதையும் தள்ளி வை.

"ஐயா, வாறவரையே ஒருக்கால் கேளுங்கோவன்" என்றார் கடைக்காரர்.

"விருந்தாளியிட்டை என்ன தின்னுவாய் எண்டு கேக்கிறதோ? மரியாதை கெட்ட வேலை!"

"அப்ப ஹலால் முத்திரை உள்ளதை எடுங்கோ. மூலையிலை கிடக்கு."

கடுகளவு முத்திரை. பதினொன்றில் நாலில்தான் இருந்தது. அந்த நாலையும் மும்மூன்று தரம் வாசித்தேன். பின்னால் நின்ற பெண், "பெரியவர் சோதினைக்குப் படிக்கிறார் போல" என்றாள்.

வீட்டுக்கு வந்து பையை மனைவி இராசமணியிடம் கொடுத்தேன். "உடைக்காதை. எங்கடை தட்டிலை வைக்காதை. புதுத்தட்டு எடு." எல்லாம் சொன்னேன். ஒன்றைத்தான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கடையிலிருந்து வருவது எதுவும் முதலில் சாமியறைக்குத்தான் போகும். நாற்பத்தாறு வருடமாக அப்படியே நடப்பதால் அது என் கண்ணில் படுவதேயில்லை.

சலீம் வந்தான். தலை முழுக்க நரை. சிரிப்பு மட்டும் பழையது. கட்டிப்பிடித்தோம். 471 பற்றி அவனுக்கு ஒரு விரிவுரையே நடத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். அப்போது இராசமணி தட்டோடு வந்தாள்.

நாலு பக்கற். ஒவ்வொன்றிலும் திருநீறு மூன்று கோடு. மேலே ஒரு செம்பரத்தம்பூ. மூலையில், சரியாக ஹலால் முத்திரைக்கு மேல், குங்குமப் பொட்டு.

"பிள்ளையாருக்குப் படைச்சுப்போட்டுத்தான் கொண்டந்தனான், அண்ணை. வடிவாச் சாப்பிடுங்கோ."

சலீம் தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "குறை நினையாதை மச்சான். சாமிக்குப் படைச்சது எங்களுக்குச் சாப்பிட ஏலாது" என்றான் மெதுவாக.

கதிரையில் இருந்தபடியே செத்துப்போனேன். இராசமணி அழத் தொடங்கிவிட்டாள். சலீம் எழும்பி வெளியே நடந்தான். போகிறான், முடிந்தது என்று நினைத்தேன்.

அவன் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். "தங்கச்சி, உந்த மாமரத்தையும் படைச்சுப்போட்டியளோ?"

"ஐயோ, இல்லை அண்ணை!" அவள் அடுப்படிக்கு ஓடிப்போய்க் கத்தியோடு வந்தாள்.

"அது இறைச்சி வெட்டினது!" என்று அலறினேன்.

சலீம் இரண்டு பேரையும் பொருட்படுத்தவில்லை. பழத்தைப் பிடுங்கிக் கிணற்றடியில் கழுவி, தோலோடு கடித்தான். மூன்று பழம். சாறு முழங்கைவரை வழிந்தது. "ஒரு ரெலிபோன் கோல் எடுத்துக் கேட்டிருந்தா மாம்பழம் போதுமெண்டு சொல்லியிருப்பனேடா, விசரா!"

நாலு பக்கற்றையும் நானே தின்று சீனி வருத்தத்தை, அதுதான் நீரிழிவை, கூட்டிக்கொண்டேன். சலீம் இப்போது வருடாவருடம் மாம்பழக் காலத்தில் வருகிறான். ஆனால் எனக்கு விடிவில்லை. பையோடு சைக்கிளை விட்டு இறங்கினால் இராசமணி வாசல் படலையில் மறிக்கிறாள்: "நில்லுங்கோ! உது சாமிக்கோ, சலீம் அண்ணைக்கோ?"

போன கிழமை நான் கொண்டுவந்தது மலச்சிக்கல் மருந்து. அதற்கும் கேட்டாள்.