மிஸ்டுக்குள் மஞ்சள் பலகை

‘ஜூலை 16, செவ்வாய், காலை 10.55. இடைவேளை. பள்ளி முழுவதும் அபார அமைதி. திட்டம் முழு வெற்றி.’

என் நாட்குறிப்பில் உள்ள பொய்களிலேயே நேரமும் கிழமையும் மிகச் சரியாகப் பதிவான பொய் இதுதான். இதை எழுதியபோது நீலகிரியில் ஜெகதளா பக்கம் நான் வேலை பார்க்கும் நடுநிலைப் பள்ளியின் கொடிக்கம்பத்தடியில், கையில் மஞ்சள் பலகையோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆறாம் வகுப்பில் தர்ஷினி சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆட்டிசம் உள்ள பெண்; அதிகம் பேசமாட்டாள். பாடத்தில் சிரமமில்லை, மணியில்தான் சிரமம். மின்சார மணி அலறினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவாள். வெளியே வர அரை மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த மணி.

அவளுக்கு என்ன செய்யலாம் என்று பேசக் கூடினோம். சிறப்புப் பயிற்றுநர் ரேவதி நான்கு பட அட்டைகளைக் கயிற்றில் கோத்துக் கொண்டுவந்திருந்தார்: புத்தகம், பந்து, தட்டு, பஸ். “எது எப்பன்னு இதைப் பார்த்து அவளே திருப்பிக்குவா.”

நான் பதினான்கு பக்கத் திட்டம் கொண்டுபோயிருந்தேன். (ஒரே மாதத்தில் ஆட்டிசம் பற்றிப் பதினொரு புத்தகம் படித்துவிட்ட சமூக அறிவியல் ஆசிரியரை யாராலும் தடுக்க முடியாது.) மணியே கிடையாது. நான் மைதானத்தில் நின்று பலகை காட்டுவேன். பாடம் மாறப் பச்சை, இடைவேளைக்கு மஞ்சள், சாப்பாட்டுக்குச் சிவப்பு. விதி ஏழு: பலகை பிடிப்பவர் நகரவோ பேசவோ கூடாது. விதி ஒன்பது: எல்லோருடைய போனும் கடிகாரமும் ஆபீஸ் பீரோவில், என் கடிகாரம் மட்டும் விதிவிலக்கு.

தேயிலை ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த தர்ஷினியின் அம்மா செல்வி, எல்லாப் பக்கங்களையும் புரட்டினார்.

“மணிச் சத்தம் ஒண்ணுதானுங்க சார் அவளுக்கு ஆகாது. மத்ததை அவளே பாத்துக்குவாளுங்க.”

அதைப் ‘பெற்றோர் கருத்து’ என்று இணைப்பு மூன்றில் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். “ஒரு நாள் பார்ப்போம் சார். சரியா வரலைன்னா, கோயமுத்தூர்ல ஹாஸ்டலோட ஸ்பெஷல் ஸ்கூல் இருக்காம். அதைத்தான் யோசிக்கணும்.”

செல்வி கழுத்து மப்ளரை அவிழ்த்தார், மறுபடி கட்டிக்கொண்டார்.

அந்த ஒரு நாள்தான் ஜூலை 16. பத்தேகாலுக்கு மிஸ்ட் இறங்கியது, நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி.

என் திட்டத்தில் மழை இருந்தது. ஆசிரியர் விடுப்பு இருந்தது. மைதானத்துக்குள் காட்டெருமை வந்தால் என்ன செய்வது என்பதுகூட இருந்தது (இணைப்பு இரண்டு). மிஸ்ட் இல்லை. நாற்பத்தாறு வருடமாக இதே மலையில் இருப்பவன் நான். சட்டை போட்டிருப்பதை யாராவது திட்டத்தில் எழுதுவார்களா?

மஞ்சளைக் காட்டினேன். வகுப்பறைகள் எனக்குத் தெரியவில்லை. நான் அவற்றுக்குத் தெரிந்திருப்பேன் என்று ஏன் நம்பினேனோ! இடைவேளையில்கூட ஒரு பிள்ளை கத்தவில்லையே, இதுவல்லவா ஒழுங்கு என்று மெய்மறந்தேன். பிறகு பச்சை. பிறகு மீண்டும் பச்சை. விதி ஏழின்படி அசையவில்லை.

மணி 12.19, சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு நிமிடம். சிவப்பை எடுக்கக் குனிந்தபோது காலடிச் சத்தம் கேட்டது. மிஸ்டுக்குள்ளிருந்து தர்ஷினி வந்தாள், தட்டு அட்டையைக் கையில் பிடித்தபடி. என் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையைச் சிறிது நேரம் பார்த்தாள். அதை வாங்கி, அதன் முகம் கொடிக்கம்பத்தைப் பார்க்கும்படி திருப்பிச் சாய்த்துவைத்தாள். போய்விட்டாள்.

நான் விதி ஏழை மீறி அவள் பின்னால் ஓடினேன்.

முதல் வாசலில் அவள் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே கணக்கு டீச்சர், “ரெண்டாவது பீரியடு இன்னும் முடியலீங்களா சார்? எனக்குத் தொண்டையே போச்சுங்க” என்றார். திட்டம் கெட்டுவிடக் கூடாதென்று எட்டு வகுப்பிலும் யாரும் எழுந்திருக்கவே இல்லை. மூன்றாம் வகுப்பில் ஆறு கைகள் ஒற்றை விரலோடு உயர்ந்திருந்தன.

அவள் வாசல் வாசலாக நின்றாள்; வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் எழுந்து அவள் பின்னால் வந்தார்கள், அவளைப் போலவே சத்தமில்லாமல். நான் வரிசையின் கடைசியில், ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவனுக்குப் பின்னால் நடந்தேன். முன்னால் எதுவும் தெரியவில்லை. இத்தனை காலடிகளும் அவளைப் பின்தொடர்ந்துதான் போகின்றன என்று அப்போதுதான் உறைத்தது.

சமையலறையில் ஆயா நிமிர்ந்தார். “இப்பத்தானுங்க சாம்பாரை எறக்குனேன்!”

ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போன் இல்லாமல் உட்கார்ந்திருந்த ரேவதி பிறகு சொன்னார்: பந்து அட்டையைத் தர்ஷினி எப்போதோ திருப்பிவிட்டிருக்கிறாள், யாரும் எழாததால் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். தட்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

பக்கத்து பெஞ்சில் இருந்த தலைமையாசிரியை என்னிடம் சொன்னது: “ஹாஸ்டல் பேச்சை விட்டுருவோம் சார். வேணும்னா உங்களை எங்கியாவது அனுப்பலாம்.”

மாலையில் விஷயத்தைக் கேட்ட செல்வி சிரித்துக்கொண்டே மப்ளரால் கண்ணைத் துடைத்தார். “நாந்தான் அன்னைக்கே சொன்னனுங்களே சார்.” சொன்னார்தான். இணைப்பு மூன்று.

மணி இப்போது இல்லை. சாப்பாட்டு நேரத்தில் தர்ஷினி தட்டு அட்டையோடு எட்டு வாசலுக்கும் போகிறாள். வீட்டில் நான் ஊருக்குப் போகப் பட்டியல் எழுத உட்கார்ந்தால் என் மனைவி, “மொதல்ல ஜன்னலைத் தொறந்து பாருங்க” என்கிறாள். என் பிள்ளைகள் உடனே கையைத் தூக்கிப் பலகை பிடிக்கிறார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. வகுப்பில் கடிகாரம் இல்லை. அவளுக்கு அதைப் பார்க்கவும் அப்போது தெரியாது. சரியாக 12.19 என்று எப்படித் தெரிந்தது? சாம்பார் வாசனை என்கிறார் செல்வி. மூன்று நாள் காற்றின் திசையைக் குறித்தேன். மூன்று நாளும் எதிர்ப்பக்கம். வெயிலை வைத்திருக்கலாம் என்கிறார் ரேவதி. அன்று வெயிலே இல்லை. அவளிடமே கேட்டேன். புத்தக அட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள், பாட நேரமாம். நாட்குறிப்பில் ஜூலை 16-க்கு எதிரே ‘உறுதிப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறேன்.